மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பது: முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறிய, நடுத்தர நிறுவனம் நடத்துபவர்களுக்காக எழுதியது இது. முதலாளியே ஆள் எடுத்து, முதலாளியே சம்பளம் போட்டு, ஊழியர்களுக்குள் சண்டை வந்தால் முதலாளியே தீர்த்து வைக்கும் இடங்களை மனதில் வைத்திருக்கிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் ஆட்களை வேலையில் சேர்த்துவிடும் எங்களைப் போன்றவர்களிடம் கேட்கிறார்கள். அப்படி வரும் கேள்விகளை, வருகிற தொனியிலேயே கீழே கொடுத்திருக்கிறேன்.

எங்களிடம் மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற வேலை எதுவும் இல்லையே?

பத்தில் எட்டுப் பேர் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். "கண் தெரியாதவருக்கு என்ன வேலை கொடுக்கலாம்?" என்று யோசித்தால் தொலைபேசி எடுக்கும் வேலையைத் தாண்டி யோசனை போகாது. அதனால் ஆளை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். உங்கள் இடத்தில் தினமும் தேங்கிப்போவது எது? நல்ல சம்பளம் வாங்கும் ஆள், தன் நேரத்தைச் செலவழிக்கவே கூடாத எந்த வேலையில் அதைச் செலவழிக்கிறார்?

ஒரு கிடங்கில் எட்டுப் பேர் பார்சல் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்: அட்டைப்பெட்டி மடிக்க, லேபிள் ஒட்ட, திரும்பி வந்த சரக்கைப் பிரித்து வைக்க என்று ஆளுக்கு ஒரு மணி நேரம் போகிறது. எட்டு மணி நேரத்தையும் கூட்டினால் ஒருவருக்கு முழுநாள் வேலை. அந்த வேலையில் ஒருவரை வைத்தால் மற்ற எட்டுப் பேரும் பார்சல் மட்டும் கட்டலாம். இதைச் செய்த இடங்களில் முதலாளிகள் சொல்வது, "இதை முன்னாடியே செய்திருக்கலாம்" என்பதுதான். அதில் மாற்றுத்திறனாளி என்ற பேச்சே வராது.

ஆனால் இல்லாத வேலையை உண்டாக்காதீர்கள். "சும்மா உட்கார்ந்திருக்கட்டும், சம்பளம் கொடுத்துவிடுகிறேன்" என்று தாராள மனதோடு சொல்பவர்களும் உண்டு. அப்படிச் சேர்ந்தவர்கள் அவமானப்பட்டுத் தாங்களே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் வேலை விளம்பரத்தில் பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட வரிகளை அடித்துவிடுங்கள். "ஓடியாடி வேலை செய்ய வேண்டும்", "டூ வீலர் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்" என்பவை. கணக்கு எழுத வருபவருக்கு எதற்கு டூ வீலர்?

ஆட்களை எங்கே தேடுவது? விளம்பரம் போட்டாலும் யாரும் வருவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 130 கோடிப் பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, குறிப்பிடத்தக்க குறைபாடு ஏதோ ஒன்று இருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் விளம்பரம்தான் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. வடிவமைப்பாளர் செய்து கொடுத்த அழகான படமாக விளம்பரத்தைப் பகிர்ந்தால், பார்வையற்றவரின் கைபேசி அதை "படம்" என்று மட்டும் வாசிக்கும். படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்தாகவும் போடுங்கள். "இந்த எண்ணில் அழைக்கவும்" என்று மட்டும் இருந்தால் காது கேளாதவர் அங்கேயே நின்றுவிடுவார். "வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அப்புறம், நேரில் போங்கள். சிறப்புப் பள்ளிகள், காது கேளாதோர் சங்கங்கள், தொழிற்பயிற்சி மையங்கள், மறுவாழ்வு மருத்துவமனைகள், அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் எல்லாவற்றிலும் வேலை தேடுபவர்களின் பட்டியல் இருக்கும். "ஒரு மாற்றுத்திறனாளி வேண்டும்" என்று மட்டும் கேட்டால், பட்டியலில் முதலில் இருப்பவரை அனுப்பிவிடுவார்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், நின்று செய்வதா உட்கார்ந்து செய்வதா, எவ்வளவு சத்தம், எவ்வளவு படிக்க எழுத வேண்டியிருக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பொருத்தமானவர் வருவதும் வராததும் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது.

நேர்காணலில் என்ன கேட்கலாம்?

வேலையைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "இந்த வேலையில் பத்து கிலோ பெட்டியை இடுப்பு உயரத் தட்டில் ஏற்ற வேண்டும். அதை எப்படிச் செய்வீர்கள்?" நல்ல கேள்வி. எல்லோரிடமும் கேட்பதாக இருந்தால் இன்னும் நல்ல கேள்வி. "இது பிறவியிலேயே வந்ததா, நடுவில் வந்ததா?", "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?", "வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" போன்றவை வேண்டாம். அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வேலை கொடுப்பதாகச் சொல்வதற்கு முன் உடல்குறை பற்றிக் கேட்பதே தடை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் அந்தக் கட்டத்தில் உடல்நலக் கேள்விகளைப் பெரும்பாலும் தடுக்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் இது நல்ல பழக்கம். ஒரு பதிலைக் கேட்டுவிட்ட பிறகு அதை மறந்துவிட்டு முடிவெடுக்க யாராலும் முடியாது.

கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: "இந்த வேலையை நன்றாகச் செய்ய உங்களுக்கு எங்களிடமிருந்து ஏதாவது தேவைப்படுமா?" வேலை உறுதியானதும் இதைக் கேளுங்கள். பதில் பெரும்பாலும் நீங்கள் பயந்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

சிலருக்கு நேர்காணல் என்ற முறையே ஒத்துவராது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணறுவார்கள். அவர்களிடம் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் பில்களைச் சரிபார்க்கச் சொன்னால் ஒரு மணி நேரப் பேச்சில் தெரியாதது தெரிந்துவிடும். அதையே நாட்கணக்கில் நீட்டிக்க நினைத்தால் அதற்குச் சம்பளம் கொடுங்கள்.

நேர்காணலுக்கு அப்பாவோ அம்மாவோ கூட வந்தால்?

வரட்டும், வெளியே உட்காரச் சொல்லுங்கள். பேசுவதில் உதவி தேவை என்பதால் உள்ளே இருந்தாலும், விண்ணப்பித்தவரைப் பார்த்தே பேசுங்கள். "இவன் நேரத்துக்கு வருவானா?" என்று அப்பாவிடம் கேட்காதீர்கள்.

எவ்வளவு செலவாகும்?

இதற்கு ஓரளவு நம்பகமான விடை இருக்கிறது. அமெரிக்காவில் 1983 முதல் முதலாளிகளுக்கு இலவச ஆலோசனை தரும் பணியிட வசதி ஆலோசனை மையம் ஒன்று, தன்னிடம் உதவி கேட்ட முதலாளிகளிடம் பல ஆண்டுகளாகச் செலவுக் கணக்கைக் கேட்டு வருகிறது. செய்த மாற்றங்களில் ஏறக்குறைய பாதிக்கு எந்தச் செலவும் ஆகவில்லை என்பதே திரும்பத் திரும்ப வரும் பதில். செலவான இடத்திலும் பெரும்பாலும் அது ஒரே ஒருமுறைச் செலவு.

செலவில்லாத மாற்றங்கள் எப்படி இருக்கும்? நின்று செய்யும் வேலைக்கு ஒரு ஸ்டூல். கூட்ட நெரிசலைத் தவிர்க்க வேலைநேரம் அரை மணி நேரம் தள்ளித் தொடக்கம். வாய்ச்சொல்லாகக் கொடுத்துவந்த உத்தரவு இனி எழுத்தில். கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த காது கேளாதவருக்கு மேசையைத் திருப்பிப் போடுவது. அவ்வளவுதான்.

எதையும் முன்கூட்டியே வாங்கிக் குவிக்காதீர்கள். ஆள் வந்து, என்ன தேவை என்று அவரே சொன்ன பிறகு வாங்குங்கள். ஒரு நல்லெண்ணக்காரர் புதிதாகச் சேரும் பார்வையற்றவருக்கென்று பிரெயில் விசைப்பலகை தேடி அலைந்தார். வந்தவருக்குச் சாதாரண விசைப்பலகையே போதுமானதாக இருந்தது. பார்வையற்றவர்கள் பெரும்பாலும் அதில்தான் தட்டச்சு செய்கிறார்கள்.

சாய்தளம், கழிப்பறை இவற்றுக்கு அளவு என்ன?

சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சரிவு 1:12. ஒரு செ.மீ. உயரத்துக்குப் பன்னிரண்டு செ.மீ. நீளம். பதினைந்து செ.மீ. உயரமுள்ள ஒற்றைப் படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். மூன்று படி என்றால் ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். படியின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு "சாய்தளம் இருக்கிறது" என்று சொல்லும் இடங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். அந்தச் சரிவில் சக்கர நாற்காலி ஏறாது. இறங்கினால் ஆள் கவிழ்ந்துவிடுவார்.

கதவு 90 செ.மீ. அகலம் இருந்தால் நல்லது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும்.

சாய்தளத்தைவிடக் கழிப்பறை முக்கியம் என்பது என் கருத்து. வாசலில் நான்கு பேர் தூக்கிவிட முடியும், அது சரியில்லை என்றாலும். பயன்படுத்த முடியாத கழிப்பறை இருக்கும் இடத்தில் ஒரு பெண் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல்தான் வேலை பார்ப்பார். உங்களிடம் சொல்லவும் மாட்டார். முதுகுத்தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு இதனால் சிறுநீர்த் தொற்று வரும். அவர்களில் பலருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால் வெப்பமும் ஆபத்து. காற்றோட்டமான இடத்தில் மேசை போட்டுக் கொடுங்கள்.

சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே அவரை வரச் சொல்லி, வாசலிலிருந்து மேசை வரை, மேசையிலிருந்து கழிப்பறை வரை ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எது இடிக்கிறது என்று அவர் காட்டிவிடுவார்.

பார்வையற்றவர் கணினியில் எப்படி வேலை செய்வார்?

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் மூலம். ஸ்கிரீன் ரீடர் என்பார்கள். விண்டோஸில் இயங்கும் என்விடிஏ 2006 முதல் இருக்கிறது, இலவசம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று கைபேசிகளிலும் உள்ளேயே உண்டு. பழகியவர்கள் அதை ஓட விடும் வேகத்தைக் கேட்டால் உங்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது.

சிக்கல் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் இருக்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள்: மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் வைத்து உங்கள் பில்லிங் மென்பொருளில் ஒரு பில் போடுங்கள். டேப் விசையை அழுத்தி ஒவ்வொரு கட்டமாக நகர முடிந்தால் ஓரளவு நம்பிக்கை உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டால் அவரும் அங்கேதான் மாட்டிக்கொள்வார். மென்பொருள் விற்றவரிடம் இதைச் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

தமிழில் வேலை நடக்கும் அலுவலகங்களுக்குத் தனியாக ஒரு தலைவலி. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு திரையில் தமிழாகத் தெரியும், கணினியைப் பொறுத்தவரை அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஸ்கிரீன் ரீடர் அதைப் படித்தால் உளறல்தான் கேட்கும். யூனிகோடுக்கு மாறுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பும் இப்படித்தான், அது வெறும் படம். மூலக் கோப்பையே அனுப்புங்கள்.

பார்வை குறைந்தவர்கள் வேறு. அவர்களுக்குப் பெரிய எழுத்து, ஜன்னல் வெளிச்சம் அடிக்காத திரை, நல்ல விளக்கு. ஒருவர் பார்வையற்றோர் பயன்படுத்தும் வெள்ளைக் கோலோடு வருகிறார், ஆனால் கைபேசியைக் கண்ணருகே வைத்துப் படிக்கிறார் என்றால் ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

காது கேளாதவரோடு எப்படிப் பேசுவது? எழுதிக் காட்டினால் போதுமா?

சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் பள்ளியில் கற்ற இரண்டாம் மொழி. அதனால் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். "நேற்று சொன்ன மாதிரி அதை முடித்துவிட்டு இதைப் பார்த்துக்கலாம்" என்று அனுப்பினால் குழப்பம்தான். "முதலில் 12-ம் எண் ஆர்டர். பிறகு 15." தெளிவு. படம் அனுப்பினால் இன்னும் தெளிவு.

நேர்காணல், பயிற்சி, சம்பளப் பேச்சு, புகார் விசாரணை இந்த நான்குக்கும் சைகை மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ அழைப்பில் கிடைப்பார்கள். தலையை ஆட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஊழியர்கள் ஒரு இருபது சைகைகளைக் கற்றுக்கொண்டால் வேலை எளிதாகும். மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருப்பது காது கேளாதவர்கள் வேலையை விட ஒரு முக்கியமான காரணம்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களால் வேலை கற்றுக்கொள்ள முடியுமா?

அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர் 1970-களில் இதற்குச் செயலால் பதில் சொன்னார். கடுமையான குறைபாடு என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கு, பல உதிரிகளைக் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பொருத்தக் கற்றுக்கொடுத்தார். கற்றவர்களின் திறமையைப் பற்றிய சந்தேகத்தைக் கற்பிக்கும் முறையின் மீது திருப்பினார் அவர். ஒருவர் கற்கவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்லிக்கொடு என்பதே அவர் வழி.

முறை எளிது, பொறுமை வேண்டும். "ஸ்டாக்கை அடுக்கு" என்பது நமக்கு ஒரு வேலை. பிரித்தால்: தள்ளுவண்டியை எடு. முதல் பெட்டியின் லேபிளில் கடைசி இரண்டு எண்ணைப் பார். அதே எண் உள்ள அலமாரிக்குப் போ. அங்கே இருக்கும் பழைய பெட்டிகளை முன்னால் இழு. புதியதைப் பின்னால் வை. லேபிள் வெளியே தெரிகிறதா பார். அடுத்த பெட்டி. ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து, அட்டையாக ஒட்டி, அலமாரியில் வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். முதலில் நீங்கள் செய்து காட்டி, பிறகு கூடவே செய்து, பிறகு பார்த்துக்கொண்டு மட்டும் நில்லுங்கள். எந்தப் படியில் தடுமாறுகிறார் என்று குறித்து, அந்தப் படியை இன்னும் இரண்டாக உடையுங்கள். அட்டையைப் பார்த்து உங்கள் பழைய ஊழியர்களும் ஒழுங்காக அடுக்கத் தொடங்குவார்கள், அது இலவச லாபம்.

இந்தப் பயிற்சியை நீங்களே கொடுக்க வேண்டும் என்று இல்லை. பணிப் பயிற்றுநர் என்று ஒருவர் ஊழியரோடு பணியிடத்துக்கே வந்து சொல்லிக்கொடுத்து, மெல்ல மெல்ல விலகுவார். முதலில் தினமும், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு தொலைபேசியில். சிறப்புப் பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும் பல இடங்களில் இந்த உதவியைத் தருகின்றன. அவர் விலகும் முன் உங்கள் ஊழியர்களில் ஒருவரை, விருப்பமுள்ளவரை, அந்த இடத்துக்குத் தயார் செய்யுங்கள். மேலாளர் வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் போதும்.

மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் முழுதாகக் குணமான பிறகு வந்தால் போதாதா?

அப்படித்தான் நீண்ட காலம் நினைத்தார்கள். முதலில் குணமாகட்டும், பிறகு பயிற்சி, பிறகு வேலை. 1990-களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் வளர்த்தெடுத்த முறை இதைத் திருப்பிப் போட்டது: வேலை செய்ய விரும்புகிறவரை உடனே உண்மையான வேலையில் சேர்த்துவிட்டு, சிகிச்சையையும் ஆதரவையும் கூடவே கொடுப்பது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பழைய முறையைவிட இதில்தான் அதிகம் பேர் வேலை பெற்றார்கள்.

உங்கள் பங்கு சின்னது. சில மாத்திரைகள் காலையில் தூக்கத்தைத் தரும், அதனால் பத்து மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் நல்லது. வேலை மாற்றங்களை முந்தைய நாளே சொல்லுங்கள். வாரம் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். நோயின் பெயரைக் கேட்காதீர்கள், தெரிந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள்.

விபத்து நடந்தால்? தீப்பிடித்தால்?

பயம் நியாயமானதுதான், ஆனால் அதை வேலை மறுக்கக் காரணமாக்கக் கூடாது. அமெரிக்க மருந்துக்கடை நிறுவனமான வால்கிரீன்ஸ் 2007-ல் தென் கரோலினாவின் ஆண்டர்சனில் ஒரு பெரிய சரக்கு மையம் திறந்தது. அங்கே ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மாற்றுத்திறனாளிகள். மற்றவர்களுக்கு உள்ள அதே இலக்கு, அதே சம்பளம். கன்வேயர் பெல்ட்டும் வண்டிகளும் ஓடும் இடம் அது.

செய்ய வேண்டியதை எழுதி வையுங்கள். அபாய மணியோடு மின்னும் விளக்கு, கழிப்பறைக்குள்ளும். சக்கர நாற்காலியில் இருப்பவர் மாடியில் வேலை செய்தால், தீ விபத்தில் லிஃப்ட் கிடையாது. அவரை யார், எதில் வைத்து, எந்தப் படிக்கட்டு வழியாக இறக்குவது என்று பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். அந்த ஆள் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும். பிறகு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். தரைத்தளத்தில் இடம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வலிப்பு நோய் உள்ளவரை உயரமான இடத்திலும் திறந்த இயந்திரத்தின் அருகிலும் வைக்க வேண்டாம். மற்ற பெரும்பாலான வேலைகளுக்குத் தடையில்லை. வலிப்பு வந்தால் கூர்மையானவற்றை நகர்த்தி, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பிடித்து அமுக்க வேண்டாம். கையிலும் வாயிலும் எதையும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸ்.

சம்பளம் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கலாமா?

கூடாது. 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ம் பிரிவு, சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. அமெரிக்காவில் 1938 முதல் ஒரு சட்டப்பிரிவு, சான்று பெற்ற முதலாளிகள் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுக்க இடம் தந்தது. அதனால் தலைமுறைகள் வறுமையில் கிடந்தார்கள், பல மாநிலங்கள் இப்போது அதை ஒழித்துவிட்டன. நான்கு மணி நேர வேலை என்றால் நான்கு மணி நேரச் சம்பளம், அது வேறு.

வேலை சரியில்லை என்றால் நீக்கலாமா?

நீக்கலாம், மற்றவரை எப்படி நீக்குவீர்களோ அப்படி. அதற்கு முன், அவர் கேட்ட வசதியைக் கொடுத்தீர்களா, குறையை அவருக்குப் புரியும் விதத்தில் சொன்னீர்களா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டாவதில்தான் ஓட்டை. "பாவம், எப்படிச் சொல்வது" என்று ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு ஏழாவது மாதம் வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். பரிதாபத்தால் சொல்லாமல் விட்டது அவருக்குச் செய்த துரோகம்.

மற்ற ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

அவரிடம் கேளுங்கள். "சொல்லுங்கள்" என்றால், என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். காது கேளாதவர் சேர்கிறார் என்றால் எப்படிக் கூப்பிடுவது என்று சொல்வது அவசியம். ஒருவரின் மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு எத்தனை சதவீதம் என்று இருக்கிறது என்பது யாருக்கும் அவசியமில்லை. அந்தக் கோப்பைப் பூட்டி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 20 பேர் முதல் உள்ள நிறுவனங்கள் 5 சதவீத இடங்களைக் கடும் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டும், இல்லையேல் தொகை கட்ட வேண்டும். பிரான்ஸில் 6 சதவீதம். ஜப்பானில் தனியார் நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் 2.5 சதவீதமாக உயர்ந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனியாருக்கு ஒதுக்கீடு இல்லை, பாகுபாட்டுத் தடையும் நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையும் உண்டு. பிரிட்டனில் அந்த மாற்றங்களுக்கு உதவித்தொகையும் உண்டு.

இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீடு. தனியாருக்கு ஒதுக்கீடு இல்லை, ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 20 பேர் முதல் இருந்தால் அதில் தேர்வு முறை, பயிற்சி, சிறப்பு விடுப்பு, பொறுப்பு அலுவலர் எல்லாம் இருக்க வேண்டும். பல முதலாளிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இலங்கையில் 1996 முதல், மலேசியாவில் 2008 முதல் தனிச் சட்டங்கள் உள்ளன. சிங்கப்பூரில் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்யும் திட்டம் இருக்கிறது. உங்கள் கணக்காளரிடம் சலுகைகளைப் பற்றிக் கேளுங்கள், ஆனால் சலுகைக்காக மட்டும் ஆள் எடுக்காதீர்கள். சலுகை முடிந்த மாதமே ஆளும் போய்விடுவதைப் பார்த்தாயிற்று.

எங்களிடம் பல வருடம் வேலை பார்த்தவருக்கு விபத்தில் கால் போய்விட்டது. என்ன செய்வது?

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே போய்ப் பார்த்து, "உன் இடம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். வேலையை விட்டு எத்தனை மாதம் விலகி இருக்கிறாரோ அத்தனைக்குத் திரும்புவது கடினமாகும். முதலில் பாதிநாள், உட்கார்ந்து செய்யும் வேலை, பிறகு கூட்டிக்கொள்ளலாம். புதிய ஆளைப் பழக்குவதைவிட, உங்கள் வேலை தலைகீழாகத் தெரிந்தவரை வேறு நாற்காலிக்கு மாற்றுவது லாபம். இந்தியாவில் அரசு நிறுவனங்கள் இப்படிப்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ சட்டமே தடுக்கிறது.

ஒருவரை எடுத்தோம், இரண்டே மாதத்தில் நின்றுவிட்டார். இனி எதற்கு?

ஏன் நின்றார் என்று கேட்டீர்களா? நான் கேட்டவரை, வேலை முடியவில்லை என்ற பதில் அரிது. பேருந்தில் ஏற முடியவில்லை. ஆட்டோவுக்கே சம்பளத்தில் பாதி போகிறது. வருமானம் வந்ததும் அரசு உதவித்தொகை நின்றுவிட்டது, வேலையும் போனால் இரண்டும் இல்லை என்று வீட்டில் பயந்தார்கள். சேர்ந்த நாளில் கொடுத்த வேலையையே மாற்றாமல் செய்யச் சொன்னார்கள், சலித்துவிட்டது. பழகிய மேற்பார்வையாளர் மாறினார், புதியவருக்கு எதுவும் தெரியாது.

இவற்றில் பாதியை நீங்கள் சரிசெய்ய முடியும். அதே வழியில் வரும் ஊழியரோடு சேர்ந்து வர ஏற்பாடு செய்யலாம், வேலைநேரத்தை மாற்றலாம், உதவித்தொகை விதியைச் சேரும் முன்பே விசாரித்துச் சொல்லலாம், மேற்பார்வையாளர் மாறும்போது ஒரு பக்கக் குறிப்பை அடுத்தவரிடம் கொடுக்கலாம். முதல் வாரம் எல்லோரும் விழுந்து விழுந்து கவனிப்பார்கள். அப்புறம் மறந்துவிடுவார்கள். எனவே முப்பதாவது நாள், அறுபதாவது நாள், தொண்ணூறாவது நாள் என்று நாட்காட்டியில் இப்போதே குறித்து வைத்து, அன்று கால் மணி நேரம் அவரோடு உட்காருங்கள். "எல்லாம் சரியா?" என்று கேட்டால் "சரி சார்" என்றுதான் வரும். "இந்த வாரம் எந்த வேலை எரிச்சலாக இருந்தது?" என்று கேளுங்கள்.

நின்றுபோனவருக்கும் ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள். சிலர் திரும்பி வருவார்கள்.